காசல்ரீக்குக் கடற்படகு: வாங்குமுன் அலையில் பார்த்ததும் வாங்கியபின் திருத்தியதும்

உடப்பு, சிலாபம், நீர்கொழும்புக் கரைகளில் பழைய பைபர் படகு விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டு ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் போகிறார்கள்: “கடல்லயே ஓடின படகு, நம்ம டேம் தண்ணிக்குத் தாங்காதா?” தாங்கும். உடையாமல் தாங்குவது ஒன்று, அதில் நின்றபடி வலை இழுக்க முடிவது இன்னொன்று. கடலில் நல்ல பேர் எடுத்த படகு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஆளைக் குலுக்கி எடுப்பதற்குக் காரணம் படகில் மட்டும் இல்லை, அலையின் நீளத்திலும் இருக்கிறது. ஆகவே படகைப் பார்க்கப் போகுமுன் அது சந்திக்கப்போகும் அலையைப் பார்க்க வேண்டும்.

அலையை அளக்க ஒரு மிதப்பும் கைக்கடிகாரமும் போதும். மிதப்பை ஒரு அலைமுகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை நொடி என்று பாருங்கள். ஒன்றை மட்டும் பார்க்காமல் பதினொரு முகடு எண்ணிப் பத்தால் வகுத்தால் சராசரி வரும். அந்த நொடியை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 1.56 ஆல் பெருக்கினால் ஆழமான நீரில் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். மேற்குக் கரைக்கு வரும் 8 நொடி அலை இந்தக் கணக்கில் 100 மீட்டர் நீளம். 18½ அடிப் படகு அதன்மேல் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நீர்த்தேக்கத்தில் கதை வேறு. 3 கிலோமீட்டர் திறந்த நீரின்மேல் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் எழும் அலை ஓர் அடி உயரம்தான். ஆனால் அதன் காலம் 2 நொடிக்குச் சற்றுக் குறைவு, நீளம் சுமார் 6 மீட்டர். 18½ அடி என்பது 5.64 மீட்டர். அதாவது படகும் அலையும் ஏறத்தாழ ஒரே நீளம். அணியம் (படகின் முன்முனை) ஒரு முகட்டைக் குத்தும்போது பின்பக்கம் முந்திய முகட்டில் தூக்கி நிற்கும். 10 நொட் (மணிக்குச் சுமார் 18½ கிலோமீட்டர்) வேகத்தில் எதிர்க்காற்றில் போனால் நொடிக்கு ஒன்றுக்கு மேல் அடி விழும். ஆனி, ஆடி மாதங்களில் காற்று நீர்த்தேக்கத்தின் நீண்ட கை வழியே இறங்கும்போது அங்கே இருப்பது இந்த அலைதான்.

இதனால் படகைச் சோதிக்கும் இடத்தையும் நேரத்தையும் விற்பவரிடம் விடக்கூடாது. விடியற்காலையில் காற்று விழுந்திருக்கும். அந்த நேரத்துக்கே வரச் சொல்வார்கள். பகல் 11 மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பியதும் போங்கள். இடம் திறந்த கடலாக மட்டும் இருக்கக்கூடாது. களப்பில் குறுக்கலை, அதாவது குட்டையான நெருக்கமான அலை, எழும் பகுதி இருந்தால் அதுவே நீர்த்தேக்கத்து அலைக்கு மிக அருகில் வரும். கற்பிட்டிப் பக்கம் புத்தளம் களப்பில் தென்மேல் பருவக் காலத்துப் பிற்பகல் காற்று இதற்கு நன்றாகப் பொருந்தும். முகத்துவாரத்தில் வற்று நீரும் எதிர்க்காற்றும் மோதும் இடத்திலும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஆனால் அங்கே சோதனை செய்யக்கூடாது. மணல்திட்டின் மேல் உடையும் அலை, ஊர்க்காரரையே கவிழ்க்கும்.

கீழே வரும் அளவுகள் நாங்கள் பார்த்து வாங்கிய ஒரே ஒரு படகினுடையவை: 18½ அடி நீளம், 1.68 மீட்டர் அகலம், 15 குதிரைவலு எஞ்சின், கரையில் இழுத்து ஏற்றுவதற்கென்று வார்த்த தட்டையான பின்பக்கம்.

கரையிலேயே தெரிவது

படகை இரண்டு பக்கமும் மட்டமாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, அடிப்பக்கச் சரிவை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: அணியத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில், நடுவில், எஞ்சின் மாட்டும் பின்பலகையருகே. கைத்தொலைபேசியிலுள்ள கோணமானியை ஓர் அடி நீள நேர்ச்சட்டத்தில் கட்டி, சட்டத்தை அடியில் குறுக்காக அழுத்திப் பிடித்தால் போதும். இந்தப் படகில் கிடைத்தவை 27, 12, 4 பாகை. அணியம் கூர்மை, பின்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை. நம் கரைகளின் சிறு பைபர் படகுகளில் பலவும் இப்படித்தான், ஏனென்றால் மணலில் ஏற வேண்டும், சிறிய எஞ்சினில் நீர்மேல் எழுந்து ஓட வேண்டும். இதன் விலை குறுக்கலையில் தெரியும். நடுப்பகுதியில் 15 பாகைக்கு மேல் இருந்தால் அடி மென்மையாக விழும், ஆனால் நின்று வலை இழுக்கும்போது படகு சுலபமாகச் சாயும். மீன் பிடிக்கிறவர் நாளில் பெரும்பகுதி எஞ்சினை நிறுத்தி வைத்தே வேலை செய்கிறார். ஆகவே நீர்த்தேக்க வலைத்தொழிலுக்கு நடுவில் 10 முதல் 14 பாகை வரை சரி என்பது எங்கள் கணிப்பு. ஆள் ஏற்றி அக்கரைக்குப் போய்வருவதுதான் முதல் வேலை என்றால் கூடின சரிவைத் தேடுங்கள்.

மூன்று இடத்திலும் இடது, வலது இரண்டையும் அளக்க வேண்டும். வித்தியாசம் 1½ பாகையைத் தாண்டினால் உடல் முறுகியிருக்கிறது. முறுகின படகு நேராக ஓடாது. அதைத் திருத்தவும் முடியாது. விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது பின்பக்கத்து அடி நேராக இருக்கிறதா என்பது. ஆறடி நேர்ச்சட்டத்தை ஏராவுக்கு (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்புக்கு) இணையாக, பின்பலகை விளிம்பிலிருந்து முன்னோக்கி அடியில் ஒட்டிப் பிடியுங்கள். சட்டத்துக்கும் அடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழி. சட்டம் நடுவில் தொட்டு இரு முனையும் ஆடினால் அங்கே வயிறு. 3 மில்லிமீட்டர் குழியே ஓட்டத்தில் தெரியும்: பின்பக்கம் தூக்கப்பட்டு அணியம் அமுங்கி, பின்னலையில் படகு தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். வயிறு இருந்தால் வேகம் எடுத்ததும் அணியம் விடாமல் மேலும் கீழும் துள்ளும். இந்தப் படகில் இடது பக்கம், பின்பலகையிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னே, 5 மில்லிமீட்டர் குழி. வலது பக்கம் நேர். இது வார்ப்புக் குறை இல்லை. எஞ்சினைக் கழற்றாமல், ஒரே ஒரு தென்னங்குற்றியின் மேல் பல பருவம் நிறுத்தி வைத்ததால் பாரம் முழுவதும் அந்தக் குற்றியில் இறங்கி அடி உள்ளே அமுங்கியிருக்கிறது. உள்ளே அதே இடத்தில் வங்கு (அடியைத் தாங்கும் உட்சட்டம்) அடியோடு சேரும் கோட்டில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. உள்ளும் வெளியும் பொருந்தி வந்ததால் காரணத்தில் சந்தேகம் இல்லை.

வெடிப்பு பார்க்கும்போது எல்லாவற்றையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மேல்பூச்சில் நட்சத்திரம் விரிந்தது மாதிரி இருப்பது எதையாவது இடித்த தழும்பு. அடிப்பகுதியில் வங்குக் கோட்டுக்கு இணையாக நீளமாக ஓடுவதுதான் கெட்டது. அது அலை அடிக்கும்போதெல்லாம் அடித்தகடு வளைந்து வளைந்து உண்டானது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் திடீரென்று மொத்தென்று விழும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கும். விற்பனைக்கென்று புதிதாக அடிப்பக்கம் வண்ணம் பூசியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

பின்பலகையின் உள்ளே பிளைவுட் இருக்கும். எஞ்சின் போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கினால் வெளியே பைபர் பளபளவென்று நிற்க, உள்ளே மரம் மட்கிப் போகும். எஞ்சினைச் சாய்த்துத் தூக்கிய நிலையில் அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். பலகை படகோடு சேர்ந்து அசைய வேண்டும். பலகை மட்டும் தனியாக அசைந்தாலும், அதன் மேல்மூலைகளில் வெடிப்பு திறந்து மூடினாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எடை

பழைய படகின் ஓட்டத்தைக் கெடுப்பதில் முதலிடம் நனைந்த நுரைக்கு. மிதப்புக்காக அணியத்திலும் பக்க அறைகளிலும் அடைத்த நுரை, வெடிப்பு வழியே ஆண்டுக்கணக்கில் தண்ணீர் குடிக்கும். பார்வைக்குத் தெரியாது. சிலர் இந்தப் பாரமான படகை ஓட்டிவிட்டு “நல்லா மெத்துனு போகுது” என்று மகிழ்ந்து வாங்குகிறார்கள். பாரம் கூடினால் அடி மென்மையாவது உண்மைதான். ஆனால் அந்தப் பாரத்தைச் சுமப்பது மிதப்பு அறை. படகு தண்ணீர் எடுத்துவிட்டால் தூக்கி நிறுத்த வேண்டிய பொருளே அதை அமுக்கும். மலையகத்தில் நீந்தத் தெரிந்தவர் குறைவு, தண்ணீரும் குளிர். இதில் சமரசம் செய்யவே கூடாது.

லொறியை வெறுமையாகவும் படகோடும் தராசுப் பாலத்தில் நிறுத்தால் எடை வரும். அதே அச்சில் வார்த்த வறண்ட படகு ஒன்று அந்தக் கடற்கரையில் இருந்தால் அதையும் விசாரித்து ஒப்பிட வேண்டும். இங்கே வறண்டது 320 கிலோ, இது 400. ஏறத்தாழ 80 கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு நின்றது. எந்த அறையில் என்று அறிய, விற்பவர் சம்மதத்தோடு ஒவ்வொரு அறையின் அடிமட்டத்திலும் 6 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். வறண்ட அறையில் துரப்பண முனையோடு உலர்ந்த மஞ்சள் தூள் வரும். இடது பின்னறையில் முதலில் ஈரப் பசை வந்தது, பின் பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்கி நிற்கவே இல்லை. தண்ணீரில் விட்டதும் படகு இடப்பக்கம் சாய்ந்து நின்றதற்கும் இதுவே காரணம். துளையை அன்றே அடைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

ஆட்டிப் பார்த்தல்

கயிற்றைத் தளர்வாகக் கட்டி, அமைதியான நீரில் படகை விளிம்பில் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுக் கையை எடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப அதே பக்கம் வரும்வரை ஓர் ஆட்டம். பத்து ஆட்டம் ஒரே தடவையில் கிடைக்காது, மூன்று நான்காகச் சேர்த்து எண்ணலாம். ஓர் ஆட்டத்துக்கான நொடி, படகின் அகலத்தை மீட்டரில் சொல்லும் எண்ணைத் தாண்டக்கூடாது. சிறு மீன்பிடிப் படகுகளுக்கு உலகெங்கும் சொல்லப்படும் எளிய விதி இது. 1.68 மீட்டர் அகலப் படகு 1.68 நொடிக்குள் திரும்பி வர வேண்டும். இது 1.55 நொடியில் வந்தது. மிக வேகமாக, ஒரு நொடிக்குக் கிட்ட வந்து வெடுக்கென்று நின்றால் அதுவும் நல்லதில்லை. கவிழாது, ஆனால் குறுக்கலையில் நிற்கிறவரின் இடுப்பை ஒடிக்கும்.

பிறகு 40 லீட்டர் தண்ணீரை, அதாவது இரண்டு கேன், உள்ளே ஊற்றி மறுபடி ஆட்ட வேண்டும். இதைச் செய்யாமல் எந்தப் படகையும் வாங்க வேண்டாம். 1.55 இருந்தது 1.8 நொடியானது, விதியைத் தாண்டிவிட்டது. ஊற்றின தண்ணீர் 40 கிலோதான். ஆனால் தட்டையான உள்தளத்தில் அது முழுவதும் சாய்ந்த பக்கம் ஓடி மேலும் சாய்க்கிறது. மழையில் ஒரு மணி நேரம் வலை இழுத்தால் இவ்வளவு தண்ணீர் தானாகவே சேரும். இந்தப் படகில் தண்ணீரை நடுவே ஒரு குழிக்குள் நிறுத்தும் நீளத் தடுப்பு இல்லை. பிறகு வைத்தோம், கீழே வருகிறது.

கடைசியாக, 130 கிலோவுக்கு இரண்டு பேரை ஒரே விளிம்பில் உட்கார வைத்து, தண்ணீருக்கும் விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். 48 சென்டிமீட்டர் 29 ஆக இறங்கியது. 25க்குக் கீழே போனால் ஓர் அடி அலையிலேயே பக்கத்தால் தண்ணீர் ஏறும்.

ஓட்டம்

உங்கள் பாரத்தோடு ஓட்ட வேண்டும். விற்பவரும் அவர் மகனும் மட்டும் ஏறின படகு வேறு படகு. வலைக்கும் மீனுக்கும் பதிலாக 20 லீட்டர் தண்ணீர்க் கேன்கள் வசதி. ஒவ்வொன்றும் 20 கிலோ, வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். எட்டுக் கேன், மூன்று ஆள், நிறைந்த எரிபொருள் தாங்கி என்று தொடங்கி, கேன்களை முதலில் நடுவில், பிறகு பின்னால், பிறகு முன்னால் வைத்து ஓட்டினால் படகின் குணம் தெரிந்துவிடும். எல்லோருக்கும் மிதவை அங்கி கட்டாயம்.

மூன்று வேகம் போதும்: 5 நொட், 8 நொட், முழுத் திறப்பு. நீர்மேல் எழாமல் இந்த நீளப் படகு 5½ நொட் அளவுக்குத்தான் சுகமாகப் போகும். அதற்கு மேல் 8 வரை அணியத்தைத் தூக்கிக்கொண்டு தன் அலையின் மேலேயே ஏறப் போராடும். நீர்த்தேக்கத்தில் பாரத்தோடு திரும்பும்போது பெரும்பாலும் இந்தச் சங்கடமான வேகத்தில்தான் போக நேரும், ஆகவே 8 நொட்டில் அதிக நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து திசை: நேர் எதிரலை, 45 பாகையில் முன்னலை, பக்கவாட்டு அலை, 45 பாகையில் பின்னலை, நேர் பின்னலை.

நேர் எதிரலையில் கவனிக்க வேண்டியது சத்தம் இல்லை. மெல்லிய தகடு சத்தம் போடும், தடித்தது போடாது. அதிர்வு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதிர்வு அளக்கும் செயலியைப் போட்டுத் தொலைபேசியை நீர் புகாத உறையில் வைத்து அணியத்திலும் நடுவிலும் பின்னாலும் இறுகக் கட்டி எடுத்தால், 8 நொட்டில் உச்ச அடி முறையே 2.4, 1.5, 1.3 என்று வந்தது (அசையாமல் நின்றால் 1). இந்த எண்ணுக்குத் தனியே பெறுமதி இல்லை. அதே தொலைபேசியை அதே இடத்தில் கட்டி அடுத்த படகிலும் எடுத்தால்தான் ஒப்பிட உதவும். அடி முழுவதும் முன் மூன்றில் ஒரு பங்கில் விழுந்து நடுவுக்குப் பின் தணிந்திருப்பது நல்ல அடையாளம். ஆட்களை நடுவுக்குப் பின் உட்கார வைத்தால் போதும். நடுவிலேயே 2க்கு மேல் வந்தால் அந்தப் படகில் முதியவர்களையும் பிள்ளைகளையும் ஏற்ற நினைக்காதீர்கள்.

45 பாகை முன்னலையில் தெறிப்பு எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இங்கே அணியத்தில் கிழிந்த நீர் பக்கத்தோடு ஒட்டி மேலேறி, காற்றில் திரும்பி ஓட்டுகிறவர் முகத்தில் விழுந்தது. கடற்கரையில் அது வெறும் நனைவு. காசல்ரீயின் ஆடிக் குளிரில் அரை மணி நேரம் அப்படி நனைந்தால் கைவிரல் விறைத்து வலைக்கண்ணைப் பிரிக்க முடியாது.

குழி தன் வேலையைக் காட்டியது 45 பாகைப் பின்னலையில். இடப்பக்கப் பின்னலை தூக்கும்போதெல்லாம் அணியம் வலப்பக்கம் அமுங்கி, படகு அந்தப் பக்கம் 25 பாகைக்கு மேல் பிடுங்கிக்கொண்டு திரும்பியது. சுக்கான் பிடியை இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. அதே அலையை வலப்பின்னால் எடுத்தபோது இழுப்பு பாதிகூட இல்லை. குழியும் நனைந்த நுரையும் ஒரே பக்கத்தில் இருந்ததால் இரண்டும் சேர்ந்து ஒரு பக்க நோயாகக் காட்டின. இப்படி ஒரு பக்கத்தில் மட்டும் வரும் குறைக்குக் காரணத்தை அளந்து கண்டுபிடிக்க முடியும், திருத்தவும் முடியும். இரு பக்கமும் சமமாக இழுத்தால் அது படகின் பிறவி வடிவம், யாராலும் மாற்ற முடியாது. படகை எடுக்கலாம் என்ற முடிவு இந்த இடத்தில்தான் வந்தது.

இன்னும் இரண்டு சோதனை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று விசையைக் குறைத்தால் படகின் சொந்த அலை பின்னாலிருந்து வந்து பின்பலகையில் ஏறும். எஞ்சின் வெட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வருகிறது, அது உள்ளே வழியாமல் வெளியே போகிறதா என்று பாருங்கள். அடுத்து எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் மிதக்க விடுங்கள். படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பி நிற்கும். அந்த நிலையில் ஒருவர் எழுந்து நின்று குனிந்து கேனை உள்ளே தூக்க முடிகிறதா என்பதைவிட முக்கியமான சோதனை மீன்பிடிப் படகுக்கு இல்லை.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக: இரண்டு சிலிண்டரின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். கியர் எண்ணெய் பால் நிறமாக இருந்தால் சீல் போய்விட்டது. குளிர்நீர் விடாமல் பீச்ச வேண்டும். முழுத் திறப்பில் சுழற்சி எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், மலைக்கு வந்தபின் தேவைப்படும். இங்கே நிமிடத்துக்கு 4,950. படகின் பழைய பதிவு இலக்கமும் உரிமை மாற்றக் கடிதமும் கைக்கு வராமல் பணம் கொடுக்க வேண்டாம். நீர்த்தேக்கத்தில் இறக்கவும் எஞ்சின் மாட்டவும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே லொறிக்குச் சொல்லுங்கள்.

லொறியில்

அவிசாவளை தாண்டி கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஏறும் வளைவுகளில், நேராக வாங்கின அடி வளைந்துபோக நல்ல வாய்ப்பு இருக்கிறது. 14½ அடித் தட்டில் 18½ அடிப் படகு நான்கு அடி வெளியே நிற்கும். வெளியே நிற்க வேண்டியது அணியம். அதன் வளைந்த வடிவமே அதற்கு விறைப்பு. தட்டையான பின்பக்கம் முழுவதும் தட்டின் மேல், ஏராவின் கீழ் நீளப் பலகையும் இரு பக்கமும் வங்குகளுக்கு நேர்கீழே மணல் மூட்டைகளுமாக இருக்க வேண்டும். இரண்டு டயரைப் போட்டு அதன்மேல் வைப்பதுதான் வழக்கம். அது அந்தத் தென்னங்குற்றி செய்த வேலையையே மறுபடி செய்யும். எஞ்சினைக் கழற்றி நிமிர்த்திக் கட்டுங்கள். அடித்தக்கையை (அடியிலுள்ள வடிகால் துளையின் அடைப்பை) திறந்து விடுங்கள், கினிகத்தேனை மழையில் படகு தொட்டியாகிவிடும்.

திருத்தியது

முதலில் இடது பின்னறையைத் திறந்து நனைந்த நுரை முழுவதையும் வெட்டி எடுத்து, அறையை நன்றாகக் காயவிட்டு, இரண்டு பாகம் கலந்து ஊற்றும் பொலியூரித்தேன் நுரை நிரப்பப்பட்டது. மலிவென்று ரெஜிபோம் வைத்து அதன்மேல் பொலியெஸ்டர் ரெசின் பூசினால் ரெசினிலுள்ள ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். பெற்றோல் பட்டாலும் அதே கதிதான். நுரை வேண்டாமென்றால் மூடி இறுக்கிய வெற்று 20 லீட்டர் கேன்களை ஆசனங்களின் கீழ் வலையிட்டுக் கட்டலாம். ஒரு லீட்டர் மிதப்பு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கும். பைபர் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கே கனக்கும். ஆகவே 320 கிலோ உடலுக்கு 110, எஞ்சினுக்கு 40, தொங்கிப் பிடிக்கும் ஆட்களுக்கு 100 என்று வைத்தால் 250 கிலோ. 300 லீட்டர் மிதப்பு இருந்தால் தைரியமாக இருக்கலாம்.

குழியை வெளியிலிருந்து நிரப்புமுன் உள்ளே விறைப்புக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நிரப்பியது மறுபடி அமுங்கும். வங்கு வெடிப்பைச் சாணை பிடித்து, வெடிப்பின் ஆழத்துக்குப் பன்னிரண்டு மடங்கு அகலத்தில் சரிவாக்கி அடுக்கு போட்ட பிறகு, 50க்கு 40 மில்லிமீட்டர் நுரைச் சட்டம் இரண்டை நீளவாக்கில் ஒட்டி மூன்று அடுக்குக் கண்ணாடி நார் போர்த்தப்பட்டது. ஏராவுக்கு இரு பக்கமும் சமதூரத்தில் இவை ஓடுவதால், உள்ளே சேரும் தண்ணீரை நடுவில் நிறுத்தும் தடுப்பும் கிடைத்தது. நீர் நடுவுக்கு வர ஒவ்வொன்றின் கீழும் இரு சிறு வழி விட்டால் போதும்.

வெளியே, மேல்பூச்சை முழுவதும் சாணை பிடித்து எடுத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் நார்ப்பாயை ஒன்றைவிட ஒன்று சிறிதாக நான்கு அடுக்கு வெட்டி, சிறியதை முதலில் ஆழமான இடத்தில் வைத்து, பெரியதைக் கடைசியில் போட வேண்டும். ஓர் அடுக்கு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 80க்கு 50 சென்டிமீட்டர் குழிக்கு மொத்தம் ஒரு சதுர மீட்டர் பாயும், 1.1 முதல் 1.2 கிலோ ரெசினும் போனது. பாயின் எடைக்கு இரண்டரை மடங்கு ரெசின் என்பதே கணக்கு. வாகனத்துக்குப் பூசும் புட்டியால் குழியை அடைக்கக் கூடாது. அது தண்ணீர் குடித்து ஒரே மழைக்காலத்தில் உரியும்.

கரையோரத்துப் பைபர் பட்டறைக்காரர் சொல்லும் கலவை அளவு நோர்வூட்டில் அப்படியே சரிவராது. அங்கே 30 பாகை வெப்பத்தில் நூறு கிராம் ரெசினுக்கு ஒரு கிராம் கட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) போட்டால் வேலை நடக்கும். இங்கே மழைநாளில் பட்டறைக்குள் 18 பாகை. பத்துப் பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கட்டலிஸ்டை இரண்டு கிராமுக்கு மேல் ஏற்றித் தீர்க்க முயன்றால் அடுக்கு உடையக்கூடியதாகும். ரெசின் டின்னை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கைச்சூடு வரச் செய்து, படகின் அந்தப் பகுதியைப் படங்கால் மூடி உள்ளே இரண்டு ஹலஜன் விளக்கு எரியவிட்டு, காலை 10 மணிக்குப் பிறகு தொடங்கி 3 மணிக்குள் முடிப்பதே வழி. ரெசின் ஊற்றும்போது விளக்கை அணைத்துக் காற்றோட்டம் விட வேண்டும், அந்த ஆவி தீப்பிடிக்கும். இறுகுவதை விரைவாக்கும் கொபால்ட்டையும் கட்டலிஸ்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கரைத்த பிறகே மற்றது. ஈரம் படிந்த நார்ப்பாய் வெள்ளையாகவே நிற்கும், ஒட்டாது. பாய்ச்சுருளைப் பொலித்தீன் பையில் சுற்றி அடுப்படிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெறிப்பைக் கீழே வெட்டிவிட, அணியத்திலிருந்து நடுவரை இரு பக்கமும் 30 மில்லிமீட்டர் முக்கோணச் சட்டம் ஒட்டி நார் போர்த்தப்பட்டது. அதன் கீழ்முகம் தட்டையாகவும் வெளிவிளிம்பு கூராகவும் இருக்க வேண்டும். விளிம்பை உருட்டி அழகு பார்த்தால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும்.

நீர்த்தேக்கத்தில்

காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். நூறு மீட்டருக்கு ஒரு வீதம் என்ற அளவில் எஞ்சின் வலு குறையும். முழுத் திறப்புச் சுழற்சி 4,950 இலிருந்து 4,650 ஆக இறங்கியது. பிளக் கருத்து எரிபொருள் கூடுவதைக் காட்டியதால் காபரேட்டர் பிரதான ஜெட் ஒரு அளவு சிறியதாக மாற்றப்பட்டது. பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த சுழலி (புரொப்பெல்லர்) போட்டதும் 4,850 வந்தது. எஞ்சின் முன்பு மிகத் தாழ்வாக மாட்டப்பட்டிருந்தது. சுழலிக்கு மேலுள்ள தட்டு படகடிக்கு 45 மில்லிமீட்டர் கீழே நின்றது, அதை 15க்கு உயர்த்தியதில் பின்னலை இழுப்பு இன்னும் குறைந்தது. நன்னீரில் துத்தநாக அரிகட்டி (எஞ்சின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் கட்டி) வேலை செய்யாது, மேலே படலம் கட்டி உறங்கிவிடும். மக்னீசியம் போட வேண்டும். அதை மறுபடி கடலுக்குக் கொண்டுபோனால் கழற்றிவிடுங்கள், விரைவில் கரைந்து போகும்.

நீர் குறையும் மாதங்களில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர்கள் வெளியே தெரிவது எல்லோரும் அறிந்தது. அவை தெரியாத மட்டத்தில் நீர் நிற்கும்போதுதான் சுழலிக்கு ஆபத்து. காசல்ரீயிலும் நீருக்கடியில் மரக்கட்டைகள் உண்டு. எஞ்சின் தானாகச் சாய்ந்து எழும் பூட்டைத் திறந்தே வைத்து, ஒரு மாற்றுச் சுழலியும் வெட்டூசியும் (சுழலி இடித்தால் தான் முறிந்து எஞ்சினைக் காக்கும் ஊசி) பெட்டியில் இருக்க வேண்டும்.

பிற்பகல் காற்றில் 45 பாகை இடப்பின்னலையை 8 நொட்டில் எடுத்தபோது படகு 10 பாகைக்கு மேல் திரும்பவில்லை, ஒரு கையில் பிடி நின்றது. 40 லீட்டர் தண்ணீரோடு ஆட்டினால் 1.6 நொடி. அதிர்வு அணியத்தில் 2.4 இலிருந்து 2.6 ஆகக் கூடியிருக்கிறது. எடை 80 கிலோ குறைந்ததால் அது கூடத்தான் செய்யும். ஈர வலையையும் ஐஸ் பெட்டியையும் பின்பலகையருகே குவிக்காமல் நடுவுக்குச் சற்று முன்னே வைத்து, எதிர்க்காற்றில் 6 நொட்டுக்குள் ஓட்டினால் 1.7க்கு இறங்குகிறது. ஆட்களை ஏற்றும் நாளில் எரிபொருள் தாங்கியையும் முன்னே நகர்த்த, இன்னும் ஒன்றரை மீட்டர் நீளக் குழாய் வாங்கிப் போட வேண்டும்.